அண்ணியின் வண்டிக்குக் கியர் எண்ணெய் மாற்ற வேண்டுமா?

1

ஹைபிரிட் காரின் கியர்பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டுமா, இல்லை அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? வண்டி விற்பவர்களிடம் கேட்டேன். வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டேன். இணையத்தில் முகம் தெரியாத மனிதர்கள் இதற்காகப் போட்டுக்கொள்ளும் சண்டைகளைக்கூட உட்கார்ந்து வாசித்தேன். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. தெரியாமலேயே ஒருவருக்கு விடை சொல்லிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கனடாவில், கால்கரி நகரில் இருக்கிறோம். நான் (ரீட்டா), கணவர் ஜான், முதல் வகுப்புப் படிக்கும் மகள் ஜெனி. எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஒன்றை இங்கே வாங்கினோம். வாங்கியபோது விற்பனைக்காரர் சொன்னார்: "அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் வண்டியின் ஆயுளுக்கும் வரும். அதை நீங்கள் மறந்துவிடலாம்." எதையாவது மறக்கலாம் என்று இந்த ஊரில் என்னிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தடுப்பூசி, வரி, பள்ளிப் படிவம், பனிக்கால டயர் என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஊர் இது. ஒன்றையாவது மறக்க அனுமதி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் ஒரு வழக்கமான சர்வீஸின்போது, கவுன்ட்டரில் இருந்தவர் கையிலிருந்த பலகைக் கணினியை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு வரி சிவப்பாக இருந்தது. கியர் எண்ணெய் மாற்ற வேண்டும், நானூறு டாலருக்குச் சற்று மேலே.

"இது ஆயுளுக்கும் வரும் என்று சொன்னார்களே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வரும்தான். வண்டி எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து அதே நிறுவனத்தின் வேறு டீலர்களுக்குப் போன் போட்டேன். அதே வண்டி, அதே எண்ணெய், கீழே கழற்ற வேண்டிய திருகும் அதேதான். ஒருவர் முதலில் கேட்டதில் பாதிகூட இல்லாத ஒரு தொகையைச் சொன்னார். இன்னொருவர் நடுவில் ஒன்றைச் சொன்னார். மூன்றாமவர், "நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் ஆசைப்பட்டால் செய்து தருகிறோம்" என்றார், பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதித் தருவதைப் போல. எல்லோருடைய குரலிலும் ஒரே உறுதி. அந்த உறுதிதான் என்னைக் கலக்கியது. ஒருவராவது தயங்கியிருந்தால் அவரை நம்பியிருப்பேன்.

பிறகு நான் செய்ததை ஜான் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். முதலில் போன டீலரின் உதிரிபாகக் கவுன்ட்டரில் அந்த எண்ணெயைப் புட்டிகளாக வாங்கி, பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே இருந்த சர்வீஸ் கவுன்ட்டருக்குப் போனேன். எங்கள் ஊரில் அப்படித்தான். எண்ணெயை நாம் வாங்கிக் கொடுப்போம், ஊற்றுவது அவர் வேலை. கவுன்ட்டர்காரர் புட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓட்டலுக்குச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தவளைப் பார்க்கும் பார்வை.

"இது எங்களிடம் வாங்கியதுதானே?"

"ஆமாம்."

"அப்படியென்றால் நீங்கள் ஏன் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ஜெனியின் குரல் வந்தது. "சாரி. மை மாம் வொரீஸ் எ லாட்."

என் அம்மா நிறையக் கவலைப்படுவாள், மன்னித்துவிடுங்கள். அப்போது நாலு வயதுப் பிள்ளை எனக்காக ஓர் அந்நியரிடம் மன்னிப்புக் கேட்டது. அவர் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். நான் புட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பின் பல மாதங்கள் வண்டி ஓட்டும்போதெல்லாம், இல்லாத சத்தங்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2

அண்ணி ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் அண்ணன் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். அண்ணி, பாலக்கோட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். மாலையில் இரண்டாவது பஸ் வராமல் போனால் அண்ணி வீட்டுக்கு வருவதற்குள் பிள்ளைகள் பசியோடு அடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

அண்ணனிடம் ஒரு லோடு வேன் உண்டு. அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் வீட்டிலிருந்து ஒரு ஆள் கூடப் போய் உட்கார வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நடைமுறை. விட்டுவிட்டு வந்தால் வண்டியின் புது உதிரிபாகம் போய்ப் பழசு வந்துவிடும் என்று பயம். அண்ணனுக்கு மண்டியை விட்டு நகர முடியாது என்பதால் அண்ணிதான் போவார். லீவு நாளில், தூக்கி நிறுத்திய வேனுக்குப் பக்கத்தில் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருப்பார். இன்ஜினைப் பற்றி அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. அது அந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

"டீச்சர், இங்க ஒக்காந்து என்னாத்தப் பாக்கறீங்க? வூட்டுக்குப் போங்க, நான் முடிச்சுட்டுப் போன் பண்றேன்."

"நீ உன் வேலையப் பாருப்பா. நான் என் வேலையப் பாக்கறேன்."

"எனக்கும் அப்பிடியே ஒரு மார்க் போட்டுருங்க."

"மொதல்ல கழட்டுனத எல்லாம் திரும்ப மாட்டு. மீதி எதும் கையில நிக்கலன்னா பாஸ் போடறேன்."

நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது என் காதால் கேட்ட பேச்சு இது.

சொந்தமாக ஒரு கார் வாங்குவது என்று வந்தபோது அண்ணன், எல்லோரையும் போல, உயரமான டீசல் வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். நான்தான் போனில் விடவில்லை. "ஹைபிரிட் வாங்குண்ணா. பெட்ரோல் மிச்சம். நாங்களும் அதுதான் வெச்சிருக்கோம்." அண்ணன் முனகிக்கொண்டே, இரண்டாம் கையாக ஒரு வெள்ளை நிற வண்டி வாங்கினார். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அண்ணி கண்ணாடியில் நீல மணிச் செபமாலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வண்டியில் கிளட்ச் இல்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை. அண்ணி முன்பு ஓட்டுநர் பள்ளிக்குப் போய்க் கிளட்ச்சோடு மல்லுக்கட்டி, முடியாமல் விட்டவர். இந்த வண்டியில் உட்கார்ந்தார், ஓட்டினார், அவ்வளவுதான். இப்போது அவரே பள்ளிக்கு ஓட்டிப் போகிறார். பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது அண்ணி வீட்டில் இருக்கிறார்.

அண்ணனுக்கு அந்த வண்டியைப் பிடிக்கவில்லை. "கரண்டும் வேணும், பெட்ரோலும் வேணும், என்னா வண்டி இது" என்பார். ஏதாவது பெரிய செலவு வைத்தால் தள்ளிவிட்டு டீசல் வாங்கிவிடுவது என்று அவர் சொல்லி வைத்திருந்தார். பெரிய செலவு என்றால் எவ்வளவு என்று அண்ணி கேட்டதற்கு, ஒரு சர்வீஸுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டினால் என்று கோடு போட்டுவிட்டார்.

டீசல் வண்டிக்குக் கிளட்ச் உண்டு.

3

போன ஆடியில் ஜெனியோடு நான் ஊருக்கு வந்திருந்தபோது வண்டி சர்வீஸுக்கு வந்தது. ஓசூரில் பெரிய ஷோரூம். அண்ணிதான் ஓட்டினார். ஜெனி பின்னால், நான் பக்கத்தில். ராயக்கோட்டை தாண்டியதும் அண்ணி சொன்னார்:

"நாத்தனாரே, நீ கூட வர்றதே எனக்கு தெம்பு. எதாச்சும் கேட்டா நீயே பேசிரு. உனக்குத்தான் இந்த வண்டியோட நெளிவு சுளிவெல்லாம் தெரியும்."

எனக்கு ஒரு நெளிவும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கனடாவிலிருந்து வந்தவள் என்ற மரியாதை இரண்டு வாரங்கள்தான் கிடைக்கும். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஷோரூமுக்குள் நுழைந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே கால்கரி. அதே சாம்பல் நிற சோபா, அதே காப்பி இயந்திரம், வேலை நடக்கும் இடத்துக்கும் நமக்கும் நடுவில் அதே கண்ணாடி. அண்ணி நேராகக் கவுன்ட்டருக்குப் போய், அங்கிருந்த இளம்பெண்ணிடம், "எம் பொண்ணே, வண்டி பக்கத்துல ஒரு சேர் போடு. நான் அங்க ஒக்காந்துக்கறேன்" என்றார்.

அந்தப் பெண்ணின் சட்டையில் மஞ்சுளா என்று பெயர் குத்தியிருந்தது. "உள்ள அலோ பண்ண மாட்டாங்க மேடம். சேஃப்டி."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் சும்மா ஒக்காந்திருப்பேன்."

"வண்டிக்கு ஆயிடுச்சுன்னா?" என்று சிரித்தார் மஞ்சுளா. "அங்க டிவி இருக்குது பாருங்க மேடம். உள்ள நடக்கறதெல்லாம் லைவா தெரியும். காப்பி குடிச்சுக்கிட்டே பாருங்க."

பிறகு அவரும் பலகைக் கணினியைத் திருப்பினார். வழக்கமான சர்வீஸ் ஐயாயிரத்துச் சொச்சம். கீழே தனியாக ஒரு வரி: கியர் எண்ணெய் மாற்றம், ஏழாயிரத்துச் சொச்சம். இரண்டையும் சேர்த்தால் அண்ணன் போட்ட கோட்டைத் தாண்டிவிடும்.

"இது மாத்தியே ஆவணுமா?" என்றார் அண்ணி.

"கிலோமீட்டர் ஆயிடுச்சு மேடம். மாத்துனா நல்லது."

"மாத்தலன்னா?"

"இப்போதைக்கு ஓடும் மேடம். ஆனா பின்னாடி எதாச்சும் ஆச்சுன்னா பெரிய செலவு." மஞ்சுளாவின் போன் அடித்தது. "ஒந்து நிமிஷ" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, நாங்கள் சொன்னால் வேலையை ஆரம்பிப்பதாகக் கையால் ஜாடை காட்டிவிட்டுப் போனார்.

அண்ணி என்னைப் பார்த்தார். "சொல்லு நாத்தனாரே."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த எண்ணெய் பற்சக்கரங்களை வழவழப்பாக வைத்திருக்கும், உள்ளே இருக்கும் மோட்டாரின் சூட்டையும் தணிக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் மாற்றச் சொல்லிக் கெடு எதுவும் இல்லை. ஆனால் மேட்டில் ஏறி இறங்கும் வண்டி, வெயிலில் ஓடும் வண்டி என்றால் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. மாரண்டஹள்ளியில் வெயில் உண்டு. ஆனால் அண்ணி மெதுவாக ஓட்டுகிறவர். ஆனால்…

"இரு இரு. மாத்தணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் அண்ணி."

"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இந்த வண்டிக்குப் பேரப்புள்ள பொறந்துரும்."

அந்தத் தொகையை நான் கொடுத்துவிடலாமே என்று தோன்றியது. மெல்லச் சொன்னேன். அண்ணன் கண்ணில் படுவது வழக்கமான பில் மட்டும்தான். இதை நான் தனியாகக் கட்டிவிடுகிறேன். அண்ணி உடனே தலையாட்டி மறுத்தார்.

"வேணாம். மொத மொதல்ல என் பேர் சொல்லி ஒரு வண்டி நிக்குது. அதுக்கு நீ காசு போட்டுட்டா, அப்பறம் உங்க அண்ணன் அத 'ரீட்டா வண்டி'ம்பாரு. தேவையா எனக்கு?"

4

டிவி முன்னால் உட்கார்ந்தோம். திரையில் வரிசையாக வண்டிகள். நடுவில் தூக்கி நிறுத்திய ஒரு வெள்ளை வண்டி. "அதா நம்ம வண்டி" என்றார் அண்ணி. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தாள் திருத்தும்போது உட்கார்வாரே, அப்படி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒர்க்‌ஷாப் கிரேடுக்குப் பதிலாக சோபா. மற்றபடி அண்ணி தன் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"நாத்தனாரே. செபமாலையக் காணோம்."

முன்கண்ணாடி நன்றாகத் தெரிந்தது. உள்ளே ஒன்றும் தொங்கவில்லை. நான் அது கேமரா கோணமாக இருக்கும் என்று சொல்வதற்குள், திரையில் ஒருவர் வண்டிக்கு அடியில் நின்று எதையோ கழற்ற, இளஞ்சிவப்பாக ஒரு திரவம் கீழே வைத்த பாத்திரத்தில் கொட்டத் தொடங்கியது. அண்ணி எழுந்துவிட்டார்.

"மஞ்சுளா! எம்மா மஞ்சுளா! எங்க வண்டியில கெடந்த செபமாலைய எவன் கழட்டுனான்?"

"யாரும் கழட்ட மாட்டாங்க மேடம்."

"கழட்டாம தானா எறங்கி நடந்து போச்சா? சாமியார் மந்திரிச்சுக் குடுத்தது அது. அது போவுட்டும். எண்ணெய மாத்துன்னு யாரு சொன்னா? நாங்க இன்னும் பேசிக்கிட்டே இருக்கோம், அங்க ஒருத்தன் எறக்கியே வுட்டுட்டான்! பாரு, ரோஸ்மில்க் மாதிரி கெடக்குது. கருப்பே ஆவல. இதப் போயி மாத்தணுங்கறியே, நல்லாருக்குதா?"

எங்கள் பக்கத்துக் கணக்கு அது. எண்ணெய் கறுத்தால் மாற்ற வேண்டும். கறுக்கவில்லை என்றால் மாற்றச் சொன்னவன் ஏமாற்றுகிறான். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெனி என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் சோபா மேல் ஏறி நின்றுகொண்டு வாயைப் பிளந்து அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மெதுவாக எழுந்து வந்தார். காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது.

"ஏம்மா, ரோஸ்மில்க் மாதிரி இருந்தா மாத்த வேணாமா?"

"உங்களுக்கு என்னாங்க அதப் பத்தி?" என்றார் அண்ணி, சூடு குறையாமல்.

"இல்ல, அது என் வண்டி."

மஞ்சுளா உதட்டைக் கடித்துக்கொண்டார். "உங்க வண்டி இன்னும் வாட்டர் வாஷ்ல நிக்குது மேடம். நீங்க ஓகே சொன்னாதான உள்ளயே எடுப்போம். செபமாலை பத்திரமா இருக்குது."

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை.

"ஏம்மா மஞ்சுளா, மாத்தணும்னு நீதான சொன்ன?"

"ஆமா சார்."

"இந்தம்மா சொல்றதப் பாத்தா அது நல்லாத்தான் இருந்திருக்குது போல. எறக்குனதையே திருப்பி ஊத்திர முடியுமா?"

"அது முடியாது சார். கீழ ஊத்தினது ஊத்தினதுதான். புதுசு நல்லா இருக்கும் சார்."

அவர் செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். அண்ணியிடம் சொன்னார்: "நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேம்மா. அவங்க சொன்னாங்க, சரின்னேன். இப்பப் பாரு, சரின்னது சரியா தப்பான்னு வூடு போற வரைக்கும் கொடையும்."

"மன்னிச்சுக்கங்க. என் வண்டின்னு நெனச்சுட்டேன்" என்றார் அண்ணி.

"உன் வண்டியா இருந்தாலும் இதே கொடச்சல்தான" என்றார் அவர்.

எனக்கு அவரிடம் பேச வேண்டும் போல இருந்தது. உங்களுக்கு இன்று ஆரம்பித்த குடைச்சல் எனக்குச் சில ஆண்டுகளாக இருக்கிறது என்று. அதற்குள் அவர் தன் மூலைக்குத் திரும்பிவிட்டார்.

5

மஞ்சுளா மறுபடி வந்து நின்றார். அண்ணனும் அதே நேரம் போனில் வந்தார். "எவ்ளோ ஆவுதாம்?" என்று அவர் கேட்டதும், அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. முகம் சின்னதாகியிருந்தது.

"ரீட்டா, சொல்லு. எனக்குக் கிளட்ச் மிதிக்க வராது. உனக்கே தெரியும்."

என் பெயரை அண்ணி அழைப்பது அரிது.

மாற்றச் சொன்னால் பில் கோட்டைத் தாண்டும், அண்ணன் வண்டியை விற்றுவிடுவார். வேண்டாம் என்றால் கியர்பெட்டிக்கு ஏதாவது ஆகலாம், அப்போதும் விற்றுவிடுவார். ஒன்று இன்றைக்கே நடப்பது, இன்னொன்று ஒருவேளை, எப்போதோ. நான் எப்போதோவைத் தேர்ந்தெடுத்தேன்.

"இப்ப வேண்டாம் அண்ணி. அடுத்த சர்வீஸுல பாத்துக்கலாம்."

கால்கரியில் கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே சொற்கள்தான். அங்கே அதற்குப் பெயர் தயக்கம். ஓசூரில் அது வேறாகிவிட்டது. அண்ணி நிமிர்ந்து நின்று மஞ்சுளாவிடம் சொன்னார்:

"வேணாம். எங்க நாத்தனார் கனடாவுல இதே வண்டிதான் ஓட்டறாங்க. வேணாம்னு சொல்லிட்டாங்க."

மஞ்சுளா என்னை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். திரும்பி வரும் வழியில் அண்ணி பாடிக்கொண்டே ஓட்டினார். ஜெனி பின்னாலிருந்து, "அத்தை, யூ வேர் சோ லவுட்!" என்றாள். "அப்படின்னா என்னா கண்ணு?" என்று கேட்டார் அண்ணி. "சத்தம்" என்று தமிழில் சொன்னாள் ஜெனி. அதில் புகார் இல்லை.

6

இங்கே திரும்பி வந்து, முதல் பனி விழுந்த வாரத்தில் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். கவுன்ட்டரில் இந்த முறை ஒரு பெண். சிவப்பு வரியைக் காட்டினார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அவர் சாதாரணமாகக் கேட்டார்: "குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் போவீர்களா? குழந்தையோடா?"

"மாற்றிவிடுங்கள்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. எவ்வளவு என்றும் முதலில் கேட்கவில்லை. நான் முன்பு கேட்டு வைத்திருந்த விலைகளில் நடுவில் இருந்த ஒன்று. பழைய எண்ணெய் என்ன நிறத்தில் இருந்தது என்று பார்க்கவும் கேட்கவில்லை. காத்திருந்தபோது ஜெனி என் கையைத் தட்டி, "குட் ஜாப், அம்மா" என்றாள். எதையும் கேட்காமல் இருந்ததற்கான பாராட்டு அது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

என் பிள்ளை உட்காரும் வண்டி என்றதும் ஒரு நொடியில் தெரிந்த விடை, அண்ணி உட்காரும் வண்டிக்கு ஏன் தெரியவில்லை? அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை இரண்டு இடத்திலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. இங்கே என் பயத்துக்கு நான் விலை கொடுத்தேன். அங்கே என் பயத்துக்கு அண்ணி விலை கொடுக்க வேண்டியிருக்கலாம். ஜானிடம் சொன்னேன். "ஏதாவது ஆகியிருந்தால் இந்நேரம் ஆகியிருக்கும். விடு" என்றார். அவர் நல்ல மனிதர். இதைத்தான் எல்லாவற்றுக்கும் சொல்வார்.

அண்ணி இப்போது அந்த வண்டியில் தன்னோடு இரண்டு ஆசிரியைகளையும் பள்ளிக்கு ஏற்றிப் போகிறார். அதில் ஒருவருக்குச் சனிக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் ஓட்டவும் கற்றுத் தருகிறாராம். படம் அனுப்பியிருந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த டீச்சர் கண்ணை இறுக மூடியிருக்கிறார், பக்கத்தில் அண்ணி அவர் தலையில் தட்டப்போகும் கையோடு.

இந்த வாரம் அண்ணியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

"நாத்தனாரே, நல்லாருக்கியா? குட்டி நல்லாருக்குதா? மறுபடி சர்வீஸ் வந்துருச்சு. அந்த மஞ்சுளாப் பொண்ணு போன் பண்ணுச்சு. எண்ணெய் மாத்தலாமா மேடம்னு கேக்குது. எங்க நாத்தனாரக் கேட்டுச் சொல்றேன்னு வெச்சுட்டேன். வெல இன்னும் ஏறியிருக்குதாம். உங்க அண்ணன் பத்தாயிரத்துலயே நிக்கறாரு. உன் வண்டிக்கு நீ மாத்துனியா? ஒரு வார்த்த சொல்லு, அதயே நான் அங்க சொல்லிர்றேன்."

இன்னும் பதில் அனுப்பவில்லை. நான் கேட்டுவிட்டேன் என்பது அண்ணியின் போனில் நீலக் குறியாகத் தெரிந்திருக்கும்.

மாற்றினேன் என்று உண்மையைச் சொன்னால் அண்ணியும் மாற்றுவார், பில் கோட்டைத் தாண்டும். மாற்றவில்லை என்று பொய் சொல்ல முடியாது. இதைப் படிப்பவர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். நம் வெயிலில், நம் மேடுகளில், எப்போது மாற்றினீர்கள்? என்ன கேட்டார்கள்? பேசிக் குறைக்க முடிந்ததா? மாற்றாமலே நீண்ட நாள் ஓட்டியவர்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எண்ணெயைவிட அதுதான் கடினம் என்று எழுதி முடிக்கும்போது தெரிகிறது. பில் எவ்வளவு வந்தாலும் அந்த வண்டியை விற்காதே என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அப்பாவுக்குப் பிறகு என்னைப் படிக்க வைத்தவர். அவர் போட்ட கோட்டை நான் இதுவரை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒரு தங்கை இப்படி ஒரு பேச்சைத் தொடங்கியிருந்தால், அவள் முதலில் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.